எந்தக் கணினியிலிருந்து

அந்த மக்காச்சோள லோடைப் பாஸ் செய்தது நீங்கள். லேபில் வேலை பார்த்த பெண் இல்லை. அவர் அன்றைக்கு ஆத்தூர்ப் பக்கம் தன் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் உங்கள் அறையில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரில் உள்ளே போய், பாஸ் என்ற பட்டனை அழுத்தினீர்கள். உள்ளே போக வழி செய்து கொடுத்தவன் நான்.

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் 'நீங்கள்' என்றுதான் கை எழுதுகிறது. பதினோரு வருடம் உங்களை சார் என்று கூப்பிட்ட பழக்கம். அந்தப் பழக்கம்தான் இவ்வளவையும் செய்தது.

உங்களுக்குத் தெரிந்ததை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழித் தீவன மில். நீங்கள் அதற்கு மேனேஜர். நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். அந்தப் பெயர் விசிட்டிங் கார்டில் மட்டும்தான் உண்டு. மில்லில் நான் சிஸ்டம்காரர். யார் கம்ப்யூட்டரில் எந்தப் பெயரில் உள்ளே போகலாம், போனால் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று வைப்பது என் வேலை. திங்கட்கிழமை காலையில் ஐந்து பேராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். "உள்ள உட மாட்டேங்குதுங்க" என்பார்கள், நானே கதவில் நின்று தடுத்தது மாதிரி. போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்கு கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கும். எங்கள் சங்ககிரி ஆபீஸில் லாரி புக்கிங் பார்க்கும் ஆள் பாஸ்வேர்டை மானிட்டர் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டு மேஜை மேல் எழுதினார்.

மற்ற நேரமெல்லாம் தீவனத் தூசிதான். சிபியூவைத் திறந்தால் உள்ளே தவிடு படிந்திருக்கும். புளோயர் வைத்து ஊதினால் என் மூக்கிலிருந்து சாயங்காலம் வரை மஞ்சளாக வரும்.

மில்லுக்குள் மட்டும் ஓடும் ஒரு வெப்சைட் இருந்தது. இன்ட்ராநெட் என்பார்கள். நாங்கள் லோடு பக்கம் என்போம். மக்காச்சோளம் ஏற்றிய லாரி கேட்டுக்கு வந்தால் அதில் பதிவாகும். லேபில் இருந்து ஆள் போய் மூட்டை மூட்டையாகக் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று சோதித்து, எண்களைப் போட்டு பாஸ் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் எடை மேடையில் சரக்கு இறக்கும் சீட்டு அச்சாகும். அந்தப் பட்டன் லேப் ஆட்களின் ஐடிக்கு மட்டும்தான் வேலை செய்யும். உங்கள் ஐடிக்கு வேலை செய்யாது. முதலாளி அப்படித்தான் வைக்கச் சொன்னார், நானும் அப்படித்தான் வைத்தேன். அந்தப் பக்கத்தை ஆரம்பித்த அன்று எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து நான்தான் பாடம் எடுத்தேன். உங்க யூசர்நேம்தான் உங்க கையெழுத்து, யாருக்கும் தராதீங்க என்று மூன்று தடவை சொன்னேன்.

அடுத்த வாரமே நீங்கள் என்னை ஒரு நோட்டுப் போடச் சொன்னீர்கள்.

நம் வட்டாரத்தில் மில், கிடங்கு எதை எடுத்துக்கொண்டாலும் ஆபீஸ் சுவரில் ஒரு சாவிப் பலகை இருக்கும். லீவில் போகிறவர் தன் சாவியைக் கொண்டுவந்து அந்தப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போவார். அது மரியாதை. மாட்டாமல் போனால் ஏதோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். பாஸ்வேர்டும் சாவி மாதிரிதானே என்றீர்கள். நான் ஆமாங்க சார் என்றேன். ஒரு நீள நோட்டு வாங்கி, எல்லோர் பாஸ்வேர்டையும் எழுதி, நூல் கட்டி, அதே பலகையில் கிடங்குச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஆயுத பூஜைக்கு அந்த நோட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நான் கும்பிட்டேன். கேன்டீனில் பாடம் எடுத்த அதே ஆள்.

மில்லில் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள், அந்தப் பெண்ணைத் தவிர. நோட்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அவர் ஈரம் பார்க்கும் கருவியில் மக்காச்சோளத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"சாவின்னா கழட்டித் தரலாம்ணா. கையெழுத்த எப்படிக் கழட்டித் தர்றது? நீங்கதானே சொன்னீங்க."

நான் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே காலியாகவே இருந்தது. நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, "ஆத்தூருக்கார அம்மாளுக்கு மட்டும் தனிச் சட்டமாட்டம் இருக்குது" என்பீர்கள். ஆபீஸ் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்த ஆடி மாதம் அவர் மூன்று நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பியது நீங்கள். இரண்டாம் நாள் காலை லாரி வந்தது. மூன்று நாள் மழையில் வந்த லோடு. தார்ப்பாய்க்குக் கீழே இருந்து புளித்த வாடை கேட்டு வரைக்கும் வந்தது என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். லேபில் இன்னொரு ஆள் இருந்தார், அவருக்கு அந்த வாரம் காய்ச்சல். மில்லில் மக்காச்சோளத் தொட்டி காலி. மெஷினை நிறுத்தினால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவசரக்காரர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பத்தரை மணி இருக்கும். என் அறைக்கே வந்தீர்கள். வழக்கமாகக் கூப்பிட்டு அனுப்புவீர்கள்.

"ஏந்தம்பி, வண்டி நிக்குது. அந்தம்மா பேர்ல தொறந்து உடு."

"அவங்க பாஸ்வேர்டு நோட்டுல இல்லீங்களே சார்."

"நோட்டுல இல்லீன்னா என்ன. அதுக்குத்தானே உன்னைய வெச்சிருக்கறோம்."

அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். முதலாளிக்குப் போட்டிருக்கலாம். முடியாதுங்க சார் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அவர் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தேன், ரீசெட் பாஸ்வேர்டு கொடுத்தேன், புதிதாக ஒன்றைப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். அரை நிமிட வேலை. நீங்கள் என் தோளில் தட்டிவிட்டுப் போனீர்கள். தட்டியது எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஈரம் என்ற இடத்தில் முந்தின லாரியின் எண்ணையே போட்டீர்கள். நஞ்சு என்ற இடத்திலும் அதே. பிறகு பாஸ்.

அவர் லீவு முடிந்து வந்த அன்று காலை எனக்கு போன். பாஸ்வேர்டு எடுக்கவில்லை என்றார். காலாவதி ஆகியிருக்கும், புதிதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். போன வாரந்தானேண்ணா மாத்தினேன் என்று யோசித்தார். சில சமயம் அப்படி ஆகும் என்றேன். அது என் முதல் பொய். கம்ப்யூட்டர் விஷயத்தில் சிஸ்டம்காரன் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொல்வது மாதிரி கேட்டுக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையின் மேல் நின்றுதான் பொய் சொன்னேன்.

பத்து நாள் கழித்துப் பண்ணைகளில் இருந்து போன் வர ஆரம்பித்தது. முட்டை குறைகிறது என்றார்கள். பிறகு கோழி சாகிறது என்றார்கள். ஒரு பண்ணைக்காரர் செத்த கோழிகளைத் தீவனச் சாக்கிலேயே போட்டு, நம் மில் பெயர் அச்சடித்த அதே சாக்கு, கொண்டுவந்து ரிசப்ஷன் மேஜையில் கவிழ்த்தார். சத்தம் போடவில்லை. ரிசப்ஷனில் இருந்த பிள்ளையைப் பார்த்து, "ஏஞ்சாமி, இதுங்களுக்கு ஆரு பாஸ் போட்டது?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை எழுந்து பின்னால் போய்விட்டது.

முதலாளி கூட்டம் போட்டார். லோடு பக்கத்தில் பாஸ் செய்தவர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. லீவில் இருந்த ஆள் எப்படிப் பாஸ் செய்வார் என்று முதலாளியே கேட்டார். அதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. கொரோனா காலத்தில் இருந்து லேபுக்கு ஒரு லேப்டாப் கொடுத்திருக்கிறோம், வீட்டில் இருந்தே உள்ளே வரலாம், கேட்டில் இருந்து யாராவது போன் செய்திருப்பார்கள், மாதிரியைப் பார்க்காமலே ஊட்டில இருந்து பட்டனைத் தட்டிவிட்டிருக்கும் என்றீர்கள். அவர் இல்லவே இல்லை என்றார். அழவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் முதலாளி என் பக்கம் திரும்பி, நாளைக்கு லாக்கை எடுத்துக்கொண்டு வா, சிஸ்டம் பொய் சொல்லாது என்றார்.

சிஸ்டம் பொய் சொல்லாதுதான். விண்டோஸ் சர்வர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும், அந்தப் பதிவுதான் லாக். யார் யாருடைய பாஸ்வேர்டை எத்தனை மணிக்கு மாற்றினார் என்று 4724 என்ற எண் போட்டு ஒரு வரி. அதில் என் பெயர் இருந்தது. யார் பெயரில், எத்தனை மணிக்கு, எந்தக் கணினியிலிருந்து உள்ளே வந்தார்கள் என்று இன்னொரு வரி. அதில் அவருடைய லேப்டாப் பெயர் இல்லை. உங்கள் அறைக் கணினியின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

அதையெல்லாம் எக்செலில் எடுத்து வைத்திருந்தபோது மறுபடியும் என் அறைக்கு வந்தீர்கள். உட்காரவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தீர்கள், பிறகு ஜன்னலைப் பார்த்தீர்கள்.

"தேவையில்லாததெல்லாம் எதுக்குத் தம்பி. ஆரு, எப்ப. அது போதும்."

மறைக்கச் சொன்னீர்களா என்று நாளைக்கு யாராவது கேட்டால், இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்யலாம். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லவே இல்லை. நான் புரிந்துகொண்டேன். சொல்லாததைப் புரிந்துகொள்வதுதான் உங்களிடம் நான் கற்ற தொழில். பாஸ்வேர்டு மாற்றிய வரியை எடுத்துவிட்டேன். கணினியின் பெயர் இருந்த மூன்றாவது நெடுவரிசையின் தலையில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்தேன். பிரிண்ட் எடுத்தேன். யார், எப்போது. தாள் சுத்தமாக இருந்தது.

அதற்கு முன்னால் முழு லாக்கையும் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தேன். நல்லவன் என்பதால் இல்லை. பழி என் பக்கம் திரும்பினால் காட்டலாம் என்று.

மறுநாள் அந்தத் தாள் மேஜையில் கைமாறிப் போனது. முதலாளி, அவர் மகன், நீங்கள், எடை மேடைக்காரர், பண்ணைக்காரர்கள் சார்பில் இரண்டு பேர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியாக அவர் கைக்குப் போனது. படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இதுல எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துன்னு இல்லையே?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தீர்கள்.

"அது லாக்குல வராதுங்க" என்றேன்.

அவர் தாளை மேஜையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நம்பி வாயை மூடிக்கொண்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை என்று இப்போது தெரியும்.

வேலையை விட்டு நீக்க வேண்டாம், அவராகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அவர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஐடியை டிசேபிள் செய்யச் சொல்லி எனக்கு போன் வந்தது. செய்தேன். போனவர்கள் என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வேலையை விட்டுப் போனவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், ஒரு செத்துப்போன டிரைவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். அவரையும் அதில் இழுத்துப் போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து ஏதோ ஒரு ரிப்போர்ட்டை முடிக்கப் பார்த்திருக்கிறார், உள்ளே விடவில்லை. எனக்கு போன் செய்யவில்லை. வெள்ளைக் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார் என்று லேபில் இருந்த இன்னொரு ஆள் சொன்னார்.

பண்ணைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அவர் போட்டோவைப் போட்டு, சோள வியாபாரியிடம் கை நீட்டிவிட்டுக் கெட்ட லோடை விட்டவள் என்று எழுதினார்கள். அந்தக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் இருக்கிறேன். நான் அதைப் படித்துவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யுபிஎஸ் பேட்டரி மாற்றப் போனேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. எனக்குத் தூக்கமெல்லாம் வந்தது. வராமல் இருந்தது என்று எழுத ஆசைதான்.

போன மாசி மாதம் ஆத்தூர் கிடங்கில் ஒரு புதுக் கம்ப்யூட்டரை நம் நெட்வொர்க்கில் சேர்க்கப் போனேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு விதைக் கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டு நின்றேன். பில் போட்டுக்கொண்டிருந்தது அவர். எனக்குத் திரும்பி ஓடத் தோன்றியது. அவர்தான், "வாங்கண்ணா, ஒக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான்கு மில்லில் இன்டர்வியூ போனதாகவும், எல்லா இடத்திலும் பேசி முடித்துவிட்டு, பழைய மில்லுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறோம் என்று சொன்னதாகவும், அத்தோடு கதை முடிந்துவிடும் என்றும், எவருடைய கதையையோ சொல்வது மாதிரி சொன்னார். நான்கு போனையும் எடுத்தது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். மேனேஜரிடம்தான் கேட்பார்கள்.

நான் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். அவர் பில் புத்தகத்தை மூடினார்.

"ஒண்ணு கேக்கறேன்ணா. மறைக்காமச் சொல்லுங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துன்னு லாக்ல வருமா, வராதா?"

"வரும்" என்றேன்.

"தெரியும். அன்னிக்கு வீட்டுக்குப் போன ஒடனே படிச்சுப் பாத்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு விவசாயி வெண்டை விதை கேட்டு வந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்து, எப்போது ஊன்றுவது என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார்.

"என்கிட்ட சொல்லி என்னண்ணா ஆவப்போகுது. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவங்களுக்குச் சொல்லுங்க."

வாழப்பாடி தாண்டும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் முழு லாக்கையும் எந்த வரிசையையும் மறைக்காமல் பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். என் பெயர் இருந்த வரியை மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு தாளை மடித்துத் தன் டிராயரில் வைத்தார்.

"ரெண்டு வருசமாச்சு தம்பி. இப்பப் போயி இதையக் கெளறோணுமா?"

நான் கிளறத்தான் வேண்டுமுங்க என்றேன். அடுத்த நாள் காலை மில்லுக்குப் போய் என் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைப் போட்டேன். ஐடி டிசேபிள் ஆகியிருந்தது. சரியாகச் செய்திருந்தார்கள், என் இன்னொரு அட்மின் ஐடியையும் சேர்த்து. எனக்கு உதவிக்கு வைத்த ஆளுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். நானும் இப்போது போனவர்கள் ஃபோல்டரில் இருப்பேன், அவருக்குக் கீழே. எனக்கு அது சரிதான். அவருக்குத்தான் அந்த இடம் சரியில்லை.

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் முழு லாக்கைத் தபாலில் அனுப்பிவிட்டேன். வாட்ஸாப் குழுவிலும் போட்டேன். அரை மணி நேரத்தில் என்னைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றியது நான், வரிசையை மறைத்தது நான், லாக்கில் வராது என்று பொய் சொன்னது நான் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்து. யாருக்கும் கழற்றிக் கொடுக்காதது.

நீங்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டம்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஆபீஸில் சொல்வதாகக் கேள்வி. இருக்கட்டும். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர்கள் கூட்டம். மில் சார்பில் வழக்கம்போல நீங்கள்தான் மேடையில் உட்காருவீர்கள். செத்த கோழியைச் சாக்கில் கொண்டுவந்தவரும் வருவார். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பதில் உங்களுடையது. அவர் அன்றைக்கு அந்த அறையில் கேட்ட கேள்விதான், இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. மைக்கை வாங்கி, எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த லோடு எந்தக் கணினியிலிருந்து பாஸ் ஆனது?